கலக்காமல் ஊற்றுகிறவர்

டீயில் சர்க்கரையைக் கலக்காமல் குடிக்கிற ஒரே ஒருவரைத்தான் என் பணிக்காலத்தில் பார்த்தேன். அவர் எங்கள் கல்லூரியின் வேதியியல் துறைத் தலைவர். கேன்டீன்காரர் டம்ளரில் சர்க்கரையைப் போட்டு, டீயை ஊற்றி, கரண்டியை எடுப்பதற்குள் இவர் டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

"கலக்காதீங்க. அதுவா நடக்கட்டும்."

முதல் பாதி கசக்கும். கடைசி வாய் பாயசமாக இருக்கும். நடுவில் ஏதோ ஓரிடத்தில் சரியாக இருக்குமாம். அந்த ஓரிடத்துக்காகத்தான் மொத்த டம்ளரையும் குடிப்பதாக என்னிடம் சொன்னார். நோன்பு மாதத்தில் அந்த டீயும் கிடையாது.

நான் அந்தக் கல்லூரியில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வரலாற்றில் முதுகலை படித்தேன். அதனால் பயனில்லை என்று தெரிந்ததும் துறைத் தேர்வுகள் எல்லாவற்றையும் எழுதித் தேறினேன். எந்தக் கோப்பு எந்த மேசையில் எவ்வளவு காலம் தூங்கலாம், அதை எழுப்புவது யார், எழுப்பாமலே ஓய்வு பெறுவது எப்படி என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பேராசிரியர்களுக்கு இதில் எதுவும் தெரியாது. ஆகவே அவர்கள் என் அறைக்கு வரும்போது ஒன்று கெஞ்சுவார்கள், அல்லது கத்துவார்கள். இரண்டையும் செய்யாமல் வந்தவர் இந்த வேதியியல் அம்மாள்தான்.

முந்தானையைத் தலையில் இட்டு, கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்பார். நான் அவரை முதலில் சரியாகக் கவனித்தது ஹெக்ஸேன் வாங்கும் விஷயத்தில். அது பெட்ரோலுக்குச் சொந்தக்கார வகை. தீப்பிடிக்கும்.

"மூணு கொட்டேஷன் வேணும், மேடம்."

"இருக்குங்க."

"தீயணைப்பு ஏற்பாடு பத்தி ஒரு சான்று வேணும்."

"இருக்குங்க."

"முதல்வர் ஒப்புதல் வேணும்."

இங்கேதான் எல்லாரும் விழுவார்கள். அப்போதைய முதல்வரும் நானும் பேசிக்கொள்வதில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. காரணம் தீர்ந்த பிறகும் நாங்கள் தொடர்ந்தோம். அவர் முதலில் கையெழுத்திட்டால் நான் தாமதிப்பேன். நான் முதலில் பரிந்துரைத்தால் அவர் விளக்கம் கேட்பார். இடையில் மாட்டிக்கொண்ட கோப்புகளின் கதியை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

இந்த அம்மாள் ஒரே குறிப்பை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை முதல்வர் மேசையிலும் மற்றதை என் மேசையிலும் ஒரே காலையில் வைத்தார். வைத்துவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொண்டார். கைகள் பின்னால். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. முதல்வர் கையெழுத்துப் போட்டிருப்பாரோ என்று எனக்குத் தோன்றியது. நான் போட்டிருப்பேனோ என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. தாமதம் தன் மேசையில்தான் என்று ஆகிவிடக் கூடாதென்று மதியத்துக்குள் இரண்டு பேரும் போட்டுவிட்டோம்.

பிறகொருநாள் ஆண்டு இருப்புச் சரிபார்ப்புக்காக அவருடைய ஆய்வகத்துக்குப் போனேன். பிப்பெட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் வகுப்பு நடந்தது. ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் போன்ற ஏதோ ஒன்று இருந்தது. அதன் மேல் இன்னொரு நிறமற்ற திரவத்தைக் கண்ணாடிக் குச்சி வழியாக மெல்ல இறக்கினார். இரண்டும் கலக்காத சாதி. ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டன. அவை தொட்டுக்கொண்ட மட்டத்தில், காய்ச்சிய பாலின் மேல் ஆடை படிவது போல, ஒரு வெள்ளைத் தோல் வந்தது. அதை இடுக்கியால் நடுவில் பிடித்து மேலே தூக்கினார். கயிறாக வந்தது. இழுக்க இழுக்க அடியில் புதிதாகத் தோல் பிறந்துகொண்டே இருந்தது. ஒரு பெண் அதைக் குச்சியில் சுற்றிக்கொண்டே போனாள்.

"இது நைலான். கடையில வாங்குற கயிறுக்குச் சொந்தம்" என்றார்.

அடுத்த மேசையில் ஒரு மாணவன் அவசரப்பட்டுக் குவளையைக் கலக்கிவிட்டான். அவனுக்குக் கிடைத்தது ஈர மாவு உருண்டை.

"ஏம்ப்பா, மோரா கடையிற? ரெண்டும் சந்திக்கிற எடத்துலதான் படலம் வரும். நீ கலக்குனா எல்லா எடத்துலயும் சந்திச்சுக்கும். அப்புறம் எங்கிட்டுப் போயி உரிப்ப?"

வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, நான் கேட்காமலே விளக்கினார். அவருடைய உண்மையான வேலை கயிறு அல்ல. கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிய படலம். நுண்துளைத் தாள் ஒன்றை முதல் திரவத்தில் ஊறவைத்து, அதன் மேல் இரண்டாவதை ஊற்றினால், தாளின் முகத்தில் அந்தப் படலம் பிடித்துக்கொள்ளும். உப்புத் தண்ணீரை அழுத்திச் செலுத்தினால் தண்ணீர் போகும், உப்பு நிற்கும். வீடுகளில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. எந்திரத்தின் வயிற்றில் இருப்பது அதுதான். விலை குறைவாக, நம் பக்கத்து உவர்நீருக்கு ஏற்றாற்போல ஒன்று செய்ய வேண்டும் என்பது அவர் திட்டம்.

"அது எப்ப வளர்றத நிறுத்தணும்னு யாரு சொல்றது?" என்று கேட்டேன். எனக்கு எதற்கும் ஒரு அதிகாரி இருந்தாக வேண்டும்.

"அதுவே நிப்பாட்டிக்கும் சார். தோலு வந்துட்டா ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாக்க முடியாதுல்ல. எங்கயாச்சும் ஓட்டை இருந்தா அங்க மட்டும் பாத்துக்கும். பாத்தவொடன அங்கயும் அடைஞ்சிரும். நம்ம வேலை கைய எடுத்துக்கிறதுதான்."

"இது வாழ்க்கைக்கும் பொருந்தும் போல இருக்கே."

"பொருந்தாதுங்க. மனுசங்க கரைஞ்சிருவாங்க."

ஏன் இந்த ஆராய்ச்சி என்று கேட்டதற்கும் அப்படித்தான் பதில் வந்தது. அவர் கோட்டைப்பட்டினத்துக்காரர். அப்பாவும் அண்ணன்களும் விசைப்படகு வைத்திருந்தவர்கள். "எங்க தெருக் கெணத்துத் தண்ணியில சோறு பொங்குனா உப்புப் போட வேணாம் சார். அந்த மிச்சம் ஒண்ணுதான்" என்றார். சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடமா என்று தெரியாததால் நானும் சிரிக்கவில்லை.

இந்தக் கையை எடுத்துக்கொள்ளும் குணத்தை எல்லாரும் ரசித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். இயற்பியலில் ஒருவருடைய பதவி உயர்வு இழுத்துக்கொண்டு கிடந்தது. முதல்வரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று இந்த அம்மாளிடம் கேட்டார். "உங்க பக்கம் சரியா இருக்கு. தானா வந்துரும்" என்றார் இவர். வந்தது. ஒரு வருடம் கழித்து வந்தது. அந்த ஒரு வருடத்தை இயற்பியல்காரர் மன்னிக்கவே இல்லை. அவர் கட்சியிலும் நியாயம் உண்டு. ஆசிரியர் கூட்டங்களில் இரு தரப்பும் அடித்துக்கொள்ளும்போது இந்த அம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கல்நெஞ்சம் என்றுகூட நான் நினைத்ததுண்டு.

கருப்பையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேதியியல் ஆய்வகத்தின் உதவியாளர். வல்லத்திராக்கோட்டையிலிருந்து மொபெட்டில் வருவார். தொகுப்பூதியம். அதாவது ஆண்டுதோறும் என் மேசையிலிருந்து ஆணை புதுப்பிக்கப்பட்டால்தான் அவருக்கு வேலை. சுத்தமான ஆள், பக்தியான ஆள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கல்லூரி முழுவதும் அவர் கையில் இருக்கும். ஒவ்வொரு பொருளாகத் துடைத்து, சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைப்பார். தீயணைப்புக் கருவிக்கு உண்டு. என் கணினிக்கு உண்டு. கழிப்பறை மோட்டாருக்கும் உண்டு.

"எதையும் விடக்கூடாது சார். விட்டா அது கோவிச்சுக்கும்" என்பார்.

மின்னணுத் தராசுகளுக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்று நானே ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தேன். ரப்பர் உருளையைப் பற்றி அதில் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அந்த உருளை எதற்கென்றால், ஊறிய தாளின் மேல் நிற்கும் மிச்சத் தண்ணீரை வழித்தெடுக்க. சொட்டு நின்றால் அங்கே படலம் பழுதாகும். உருளை செங்கல் நிறம். காய்ந்து உதிர்ந்தபின் மிஞ்சும் சந்தனமோ குங்குமமோ அதில் கண்ணுக்குத் தெரியாது.

அந்த வருடம் பூஜை விடுமுறை முடிந்த மறுநாளே ஆய்வுக் குழு வந்தது. பணம் தருகிறவர்கள் அனுப்பிய குழு. திட்டத்தைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று சொல்ல வேண்டியது அவர்கள். நிறுத்தினால் அறையும் பம்பும் சோதனைக் கருவியும் வேறு துறைக்குப் போகும். அந்த அம்மாளுக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு திட்டம் அவர் வாழ்நாளில் கிடைக்காது என்பது நடைமுறை தெரிந்த எவருக்கும் தெரியும். அவர் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு அன்று காலைதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்.

குழுவின் தலைவர் சென்னைக்காரர், பெரிய மனிதர். கூட வந்தவர் இளையவர், விஷயம் தெரிந்தவர். எங்கள் கண் முன்னாலேயே செய்து காட்டுங்கள் என்றார்கள். முதல்வர், நான், வாசலில் போண்டாத் தட்டோடு கருப்பையா. நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுவதற்காக நான் இருந்தேன்.

அந்த அம்மாள் தாளை ஊறவைத்தார். கண்ணாடியில் விரித்து உருளையால் ஒரே போக்காக வழித்தார். ஹெக்ஸேன் கரைசலை ஓரமாக ஊற்றினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம். வடித்து, அடுப்பில் காயவைத்து எடுத்தார். பிறகு சோதனை: தாளின் முகத்தில் சிவப்புச் சாயத்தை ஊற்றி, நிற்கவிட்டு, கழுவி, முதுகைத் திருப்பிப் பார்ப்பது. ஓட்டை இல்லையென்றால் முதுகு வெள்ளை.

முதுகில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. ஒரே நேர்கோட்டில், ஒரே இடைவெளியில், தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை.

"என்னங்க இது, தையல் மெஷின்ல ஓட்டுன மாதிரி இருக்கு?" என்றார் தலைவர்.

அந்த அம்மாள் உருளையை அருகே இழுத்துக்கொண்டார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நூலை எடுத்தார். உருளையைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி, சேர்ந்த இடத்தில் நகத்தால் பிடித்தார். அந்த நூலைத் தாளின் மேல் வைத்தார். ஒரு புள்ளியில் தொடங்கி அடுத்த புள்ளியில் முடிந்தது. பிறகு உருளையின் ரப்பரை நகத்தால் சுரண்டி, விரலை மூக்கருகே கொண்டுபோனார். உருளையைத் தலைவரிடம் நீட்டினார். அவரும் முகர்ந்தார்.

"சந்தனம்" என்றார் தலைவர்.

வாசலில் கருப்பையா போண்டாத் தட்டோடு ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

இளையவருக்குச் சந்தோஷம். "சார், பொட்டு இருந்த எடத்துல மட்டும்தான் ஓட்டை. மத்த எடம் முழுக்க சுத்தமா இருக்கு பாருங்க" என்றார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் நடைமுறை தெரிந்தவர். எனக்கு ஒரு மரியாதையே வந்தது.

"இங்க பாருங்க மேடம். கருவியில வெளி ஆள் கை பட்டுருச்சுன்னா நாங்க அப்படியே எழுதிக்கலாம். ஆனா யாரு, என்ன நடவடிக்கைன்னு வேணும். பேர் இல்லாம எழுத முடியாது. இல்லன்னா உங்க முறையே தேறலன்னுதான் எழுதணும். யார் வச்சது?"

முதல்வர் என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். தொகுப்பூதியக்காரருக்கு விசாரணைகூடத் தேவையில்லை. அடுத்த முறை ஆணையைப் புதுப்பிக்காமல் விட்டால் போதும். அவ்வளவு சுலபம். ஒரு பெயர் சொன்னால் திட்டம் பிழைக்கும்.

அந்த அம்மாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான்தாங்க வச்சேன்."

தலைவர் அவர் தலையில் இட்டிருந்த முந்தானையைப் பார்த்தார். சுவரில் இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்தார். மறுபடியும் அவரைப் பார்த்தார்.

"நீங்களா?"

"ஆமாங்க. எல்லாத்துக்கும் இருக்கு, இதுக்கு மட்டும் இல்லையேன்னு."

கரைசலைப் போலவே அந்தச் சொல்லையும் ஊற்றிவிட்டார், நின்றுகொண்டார். தலைவருக்கு அடுத்த கேள்வி தொண்டை வரை வந்ததை நான் பார்த்தேன். மதத்தைத் தொடும் அந்தக் கேள்வியை எந்தச் சொற்களில் கேட்டாலும், அது பின்னொரு நாள் வேறோர் ஊரில் வேறொரு குழுவின் முன் புகாராக அவரிடமே திரும்பி வரும். அது அவருக்குத் தெரியும். முதல்வர் ஏதோ உண்மையைச் சொல்லிவிடுகிறவர் போல வாயைத் திறந்தார். நான் கருப்பையா கையிலிருந்த தட்டை வாங்கி அவரிடம் நீட்டினேன். நாங்கள் பேசிக்கொள்ளாத காலம் அது. அவர் ஒரு போண்டாவை எடுத்துக்கொண்டார்.

"வேற ரோலர் இருக்கா?" என்று இளையவர் கேட்டார்.

"இல்லைங்க. தாள நிமித்தி வச்சா தண்ணி தானா வடியும். ஆனா நேரமாகும்."

"எங்களுக்கு ட்ரெயின் இருக்கும்மா" என்றார் தலைவர்.

"தெரியுங்க."

புதிய தாளை ஊறவைத்து, ஒரு சட்டத்தில் செங்குத்தாக மாட்டினார். நாங்கள் உட்கார்ந்தோம். தாளின் அடி விளிம்பில் ஒரு சொட்டு திரளும், யோசிக்கும், விழும். அடுத்தது திரளும். கருப்பையா டீ கொண்டுவந்தார். கரண்டிகளை மறந்துவிட்டார். தலைவர் கொஞ்ச நேரம் கரண்டியைத் தேடிவிட்டு, அப்படியே குடித்தார். முகம் சுளித்தார். பிறகு பாதியில் ஒரு கணம் சுளிக்கவில்லை.

டம்ளரை வைத்துவிட்டு எழுந்து தாளருகே போனார்.

"லேசா ஒரு ஒதறு ஒதறுனா சட்டுன்னு..."

"கை வைக்காதீங்க."

அந்த அம்மாள் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று மட்டும்தான். தலைவர் கையை எடுத்துக்கொண்டார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், அவரும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

தண்ணீர் வடிந்தது. ஊற்றினார். காய்ந்தது. சாயம், கழுவல். தாளைத் திருப்பியபோது முதுகு சலவை வேட்டி போல இருந்தது. இளையவர் அதை வெளிச்சத்தில் பிடித்து ஓரம் ஓரமாகப் பார்த்தார். தலைவர் என் பக்கம் திரும்பி, எழுதிக்கொள்ளச் சொன்னார்: உருளையில் மாசு, பொறுப்பு துறைத் தலைவருடையது, நடவடிக்கையைக் கல்லூரி எடுக்கும், திட்டம் தொடரலாம். பிறகு ரயிலுக்கு ஓடினார்கள்.

அவர்கள் போன பிறகு கருப்பையா ஆய்வகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேடம், எனக்காகப் பொய் சொல்லிட்டீங்களே."

"அந்த ரோலரைப் பூட்டி வைக்காம ஊருக்குப் போனது யாரு கருப்பையாண்ணே? நானு. அதனால பாதி நெசந்தான்."

"மீதிப் பாதி?"

"அது வடிஞ்சிரும். போயி டம்ளரக் கழுவுங்க."

அவ்வளவு எளிதில் வடியவில்லை. நடவடிக்கை எடுக்கப்பட்டதாகப் பதில் போக வேண்டும். ஆகவே மெமோவை நான்தான் தயாரித்தேன். ஆய்வகக் கருவிக்கு அனுமதியின்றிச் சந்தனக் குங்குமப் பொட்டு வைத்தமைக்கு விளக்கம் கோருதல். என் பணிக்காலத்தில் நான் எழுதியவற்றுள் தரமானது அதுதான். அவருடைய விளக்கம் ஒரே வரி: இனி உரிய அனுமதி பெற்று வைக்கப்படும். இரண்டும் அவருடைய பணிப் பதிவேட்டில் இருக்கின்றன. ஆசிரியர் சங்கத்துக்காரர்கள் அதைப் படித்துச் சிரித்தார்கள். இயற்பியல்காரர்கூடச் சிரித்தார். செய்தி கோட்டைப்பட்டினத்துக்கும் போயிருக்கிறது. அண்ணன்கள் என்ன கேட்டார்கள், இவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வழக்கமாகச் சனிக்கிழமை மதிய பஸ்ஸில் ஊருக்குப் போகிறவர், அதன் பிறகு கொஞ்ச காலம் போகவில்லை. ஆய்வகத்தில் விளக்கு எரியும். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது தானாகச் சரியாகும் என்றுதான் சொல்லியிருப்பார். பெருநாளைக்குப் போனார். வரும்போது வீட்டார் கொடுத்தனுப்பிய வட்டிலப்பம் என்ற இனிப்பைக் கொண்டுவந்தார். அதிலிருந்து நானாகப் புரிந்துகொண்டேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவர் ஊருக்குப் போகவில்லை. ஏதோ கையெழுத்துக்காக நான் ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். கருப்பையா சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார். பம்புக்கு வைத்தார். அடுப்புக்கு வைத்தார். புதிதாக வாங்கியிருந்த உருளையின் அருகே வந்ததும் தாண்டிப் போனார்.

"என்னண்ணே, இத விட்டுட்டீங்க?"

"வேணாம் மேடம்."

"விட்டா கோவிச்சுக்கும்னு நீங்கதான சொல்லுவீங்க?"

கருப்பையா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் உருளையை எடுத்து, ரப்பர் தன் பக்கமும் மரப்பிடி அவர் பக்கமும் இருக்கும்படி நீட்டினார்.

"பிடியில வைங்க. அது எதையும் தொடாது."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சூப்பிரண்டு சார், அனுமதி?"

தந்தேன். என் பணிக்காலத்தில் வாய்மொழியாகத் தந்த ஒரே அனுமதி அதுதான்.